அப்பா முழுக்கு எடுக்கவில்லை

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். மேலே எழுதியிருப்பது உபதேசக் கேள்வி: இரட்சிப்புக்கு விசுவாசம் போதுமா, கீழ்ப்படிதலும் வேண்டுமா? உங்கள் சபையில் போதும் என்கிறார்கள். மனைவி வீட்டார் போகும் சபையில் போதாது என்கிறார்கள். ஆனால் மனதை அறுக்கிற கேள்வி கடைசி நான்கு வரியில்தான் இருக்கிறது. கைக்குழந்தையாகத் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, எழுபது வயதுவரை திருவாரூர்ப் பக்கத்தில் அதே சபையில் இருந்து, போன தை மாதம் இறந்த உங்கள் அப்பா, முழுக்கு ஞானஸ்நானம், அதாவது வளர்ந்த பிறகு தண்ணீரில் முழுவதுமாக மூழ்கிப் பெறும் ஞானஸ்நானம், எடுக்காததால் கீழ்ப்படியாதவர் ஆகிவிட்டாரா என்பது அது. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த இடத்தில் மாமனார் அப்படிச் சொன்னார் என்றும், அவர் கெட்ட மனிதர் அல்ல என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களாவது முழுக்கு எடுத்துவிட வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் என் சாய்வு உங்களுக்குத் தெரிய வேண்டும். லுத்தரன் சபையில் 31 ஆண்டுகள் குருவாக இருந்து, பெரும்பாலும் கும்பகோணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவிலுள்ள கிராமச் சபைகளைப் பார்த்து, ஓய்வு பெற்றவன் நான். ‘விசுவாசத்தினால் மட்டுமே’ என்பது என் வீட்டுச் சோறு. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தேன், இன்றும் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஆகவே நான் சொல்வதில் எது எல்லாச் சபைகளுக்கும் பொது, எது என் சபையின் பார்வை, எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன். நழுவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சண்டையில் பாதி, சொற்களைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டியதால் வந்தது. விசுவாசம் என்றால் தலைக்குள் நடப்பது, கீழ்ப்படிதல் என்றால் கை கால் செய்வது என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் தமிழ் பேசுகிற நமக்கு அப்படிப் பிரிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ‘அந்த ஆள் விசுவாசமானவன்’ என்று நம் ஊரில் சொன்னால் என்ன அர்த்தம்? ஏதோ ஒரு கருத்தை ஒப்புக்கொள்கிறான் என்றா? உண்ட வீட்டை மறக்காதவன், காலை வாராதவன், ஆபத்தில் கூட நிற்கிறவன் என்று அர்த்தம். நாய்க்குக்கூட விசுவாசம் உண்டு என்கிறோம். நாய் எந்த விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்பிப்பதில்லை. புதிய ஏற்பாட்டில் வருகிற ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் ஏறத்தாழ இப்படித்தான்: நம்புதல், நம்பகமாயிருத்தல் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. அதேபோல் ‘கேள்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘பையன் சொன்னதைக் கேட்கிறானா?’ என்று ஒரு தாய் விசாரித்தால், காது நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. ‘விசுவாசம் கேள்வியினால் வரும்’ என்று ரோமர் 10:17 சொல்கிறது. அந்த நிருபத்தை எழுதிய பவுலின் கிரேக்கத்திலும் கீழ்ப்படிதலுக்கான சொல், கேட்டல் என்ற சொல்லின் அடியிலிருந்து பிறந்ததுதான். எபிரெயத்தில் ‘ஷமா’ என்றால் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றே. கேட்பது, நம்புவது, செய்வது மூன்றும் ஒரே வாய்க்காலின் தண்ணீர்.

வேதத்திலேயே இந்த இரண்டு சொற்களும் இடம் மாறி வருவதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். யோவான் 3:36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசமாயிருக்கிறவன்’, ‘விசுவாசியாதவன்’ என்று நேர் எதிராக இருக்கிறது. கிரேக்கத்திலோ முதல் பாதியில் விசுவாசிக்கிறவன் என்றும் இரண்டாம் பாதியில் கீழ்ப்படியாதவன் என்றும் இருக்கிறது. எபிரெயர் 3:18-இல் வாக்களித்த தேசத்துக்குப் போகும் வழியில் வனாந்தரத்தில் விழுந்த இஸ்ரவேலர் கீழ்ப்படியாதவர்கள். அடுத்த வசனத்தில் அவர்களே அவிசுவாசத்தினால் பிரவேசிக்கக்கூடாமற்போனவர்கள். ரோமர் நிருபம் தொடங்கும்போதும் முடியும்போதும், 1:5-லும் 16:26-லும், பவுல் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் ஒரே தொடராகச் சேர்த்துக் கட்டுகிறார். அந்தத் தொடருக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. விசுவாசமாகிய கீழ்ப்படிதல் என்கிறார்கள் சிலர்; விசுவாசத்திலிருந்து பிறக்கிற கீழ்ப்படிதல் என்கிறார்கள் சிலர்; விசுவாசம் என்ற போதனைக்குக் கீழ்ப்படிதல் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்டது. இலக்கணம் மூன்றுக்கும் இடம் தருகிறது. எனக்கு முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தே சரி என்று படுகிறது. இதை நிரூபித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

இதை விளக்க எங்களூர்ச் சம்பவம் ஒன்றையே வைத்துக்கொள்வேன். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைத் (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) தெரியாதவர்கள் நம்மில் குறைவு. 1780-களின் தொடக்கத்தில், ஐதர் அலியின் போர்க்காலத்தில், கோட்டைக்குள் இருந்தவர்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடில்லை, கொடுப்பாரும் இல்லை. ஏனென்றால் அதற்கு முன்பு கொடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை. அரசர் சொன்னாலும் கிழக்கிந்தியக் கும்பனியார் சொன்னாலும் நம்ப ஆளில்லை. கடைசியில் சுவார்ட்ஸ், ‘பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லை நம்பி, கொஞ்ச நாளில் 1,000 மாடுகளும் 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. இப்போது சொல்லுங்கள்: வண்டி கட்டியதால் சுவார்ட்ஸின் சொல் உண்மையாயிற்றா? இல்லை, கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவர் சொல் சொல்தான். வண்டி கட்டியது அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விலையா? அதுவும் இல்லை. ஆனால், ‘ஐயர் மேல் எனக்கு முழு நம்பிக்கை’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்காமலே இருந்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் நம்பினான் என்று நீங்கள் சொல்வீர்களா? உபமானத்தை இதற்கு மேல் இழுக்கக் கூடாது, முறிந்துவிடும். நம்புவதும் மாட்டைப் பூட்டுவதும் வேறு வேறு என்பதும், ஒன்றிருந்தால் மற்றது பின்னால் வந்தே தீரும் என்பதும் இதில் தெரிந்தால் போதும்.

மாமனார் யாக்கோபை மேற்கோள் காட்டியிருப்பார். காட்டாமல் இருக்க மாட்டார். ‘மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே’ என்கிறது யாக்கோபு 2:24. ‘விசுவாசம் மட்டும்’ என்ற சேர்க்கை புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது, அதுவும் ‘அல்ல’ என்பதோடு. எங்கள் ஆட்கள் இந்த வசனத்தைக் கண்டால் வேகமாகப் பக்கம் புரட்டுவார்கள்; எங்கள் சபை யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தச் சீர்திருத்தவாதி லூத்தரே 1522-இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். டெல்டாக்காரனுக்கு வைக்கோலின் அருமை தெரியும் என்பதால் நான் அதை அவ்வளவு பெரிய வசையாக எடுத்துக்கொள்வதில்லை. பவுலும் யாக்கோபும் ஒரே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் அவனுடைய வாழ்க்கையின் வேறு வேறு நாள்களில். பவுல் ஆதியாகமம் 15:6-க்குப் போகிறார்: ‘அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்.’ அப்போது ஆபிரகாமுக்கு, தேவனோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் நடக்கவில்லை. அதற்குப் பின் மகன் இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு வயது 86, விருத்தசேதனம் ஆனபோது 99. ஆக, நீதியாக எண்ணப்பட்டதற்கும் அந்த அடையாளத்துக்கும் நடுவே குறைந்தது 13 ஆண்டுகள். ரோமர் 4:10-இல் பவுல் இந்த இடைவெளியின் மேல்தான் தன் வாதம் முழுவதையும் கட்டுகிறார். யாக்கோபோ 22-ஆம் அதிகாரத்துக்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளுக்குப் போகிறார்; அன்று 15:6 நிறைவேறிற்று என்கிறார். ஒருவர் விதைத்த நாளைச் சொல்கிறார், மற்றவர் அறுத்த நாளை. இருவரும் எதிர்ப்பது ஒரே ஆளை அல்ல. பவுலின் எதிரே நிற்பவன், தன் செய்கைகளைக் கணக்கு எழுதிக்கொண்டு வந்து கூலி கேட்கிறவன். யாக்கோபின் எதிரே நிற்பவன், வஸ்திரமில்லாத சகோதரனிடம் ‘சமாதானத்தோடே போங்கள்’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டுத் தனக்கு விசுவாசம் இருக்கிறது என்கிறவன். அந்த மாதிரி விசுவாசம் பிசாசுக்கும் உண்டு என்று யாக்கோபு சொல்வது வேடிக்கைக்கு அல்ல. யாக்கோபு பவுலுக்கே மறுப்பு எழுதினாரா, பவுலைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களுக்கு எழுதினாரா, பவுலைப் பாராமலே எழுதினாரா என்பது இன்றும் தீராத வழக்கு.

‘மட்டும்’ என்ற சொல்லை ரோமர் 3:28-இல் லூத்தர் தாமாகச் சேர்த்தார் என்பதும் உண்மை. மூலத்தில் அந்தச் சொல் இல்லை. 1530-இல் அவர் சொன்ன சமாதானம் எனக்குப் பிடிக்கும்: ஒன்றை மறுத்து ஒன்றை நிறுத்தும்போது எங்கள் மக்கள் இப்படித்தான் பேசுவார்கள், ‘விவசாயி தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை’ என்பார்கள் என்றார். தமிழில் நமக்கு அந்தச் சங்கடமே வேண்டியதில்லை; ‘விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்’ என்று பிரிநிலை ஏகாரம் ஒன்று வந்து ஓசையில்லாமல் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. ஆனால் இதே லூத்தர்தான் விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாத உயிருள்ள காரியம் என்றும் எழுதினார். எங்கள் சபையின் அடிப்படைச் சாசனமான 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் நான்காம் பிரிவு நீதிமானாக்கப்படுதலைப் பற்றியது. ஆறாம் பிரிவின் தலைப்பே ‘புதிய கீழ்ப்படிதல்’. விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அந்தக் கனிகளின் மேல் சாய்ந்துகொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். லூத்தர் இறந்த பிறகு எங்களுக்குள்ளேயே அடிதடி. இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார் மேயோர் என்ற லுத்தரன் இறையியலாளர். லூத்தரின் நெருங்கிய நண்பரான அம்ஸ்டோர்ஃப், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றே எழுதிவிட்டார். 1577-இல் கூடி எழுதிய உடன்பாட்டில் இரண்டையும் தள்ளினார்கள். நற்கிரியை அவசியம், ஆனால் இரட்சிப்புக்கு விலையாக அல்ல என்று முடிந்தது. ‘விசுவாசித்தால் போதும், மற்றது அவரவர் இஷ்டம்’ என்று உங்கள் சபையில் யாராவது சொல்லியிருந்தால், அது லுத்தரன் போதனை அல்ல, சோம்பல்.

கத்தோலிக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் பார்த்து, கால்வலியைக் கொடுத்து மோட்சம் வாங்கப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சிரிப்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் பழையது. ஏலாக்குறிச்சியிலிருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவரும் எங்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளும் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கும் முன்பே கொள்ளிடத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவரையொருவர் மறுத்துத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் லூத்தருக்குப் பதிலாகக் கூடிய கத்தோலிக்கரின் திரிதெந்து (ட்ரெண்ட்) பொதுச்சங்கம் 1547-இல் சொன்னதை வாசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதன் செய்கிற எதுவும், அவனுடைய விசுவாசம்கூட, அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்று அது தெளிவாகச் சொல்கிறது. வித்தியாசம் அதற்குப் பின் வருகிறது: கிருபை பெற்றவன் செய்கிற நற்செயலால் நீதி வளர்கிறது என்கிறார்கள் அவர்கள், நாங்கள் அது கனி, வேர் அல்ல என்கிறோம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் இந்தப் பொருளில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நம்முடைய புண்ணியத்தினால் அல்ல, கிருபையினாலே மட்டும் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் நற்கிரியைக்கு அழைக்கப்படுகிறார்கள் என்பதை இரு தரப்பும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. ஆகவே இது உறுதி என்று தைரியமாகச் சொல்லலாம்: கீழ்ப்படிதலால் இரட்சிப்பை விலைக்கு வாங்கலாம் என்று பொறுப்புள்ள எந்தச் சபையும் போதிக்கவில்லை, கீழ்ப்படியவே மனமில்லாத விசுவாசம் இரட்சிக்கும் என்றும் எந்தச் சபையும் போதிக்கவில்லை. உங்கள் மாமனாரின் சபைப் போதகரைத் தனியாக உட்கார்த்திக் கேட்டால் அவரும் இதை ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இனி ஏட்டில் படிக்காததைச் சொல்கிறேன். என் இரண்டாவது ஊரில், சபையின் பெரிய மனிதர் ஒருவர் இறந்தார். வட்டிக்கு விடுகிறவர். ஒரு ஞாயிறும் தவறமாட்டார், காணிக்கைப் பையில் தாராளம். அடக்க ஆராதனையில் நான் எபேசியர் 2:8-ஐ எடுத்து, ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று பிரமாதமாகப் பிரசங்கித்தேன். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், நடவுக்குப் போகிற ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் வந்து நடந்தார். ‘ஐயரே, அவர் மோட்சத்துக்குப் போனது இருக்கட்டும். கடனைத் தீர்த்த பிறகும் அவர் திருப்பித் தராத என் ஒன்றரை மா நிலத்துப் பத்திரத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது?’ என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று இரவு வேதத்தைத் திறந்து பார்த்தேன். நான் எட்டையும் ஒன்பதையும் வாசித்திருந்தேன். பத்தாம் வசனத்தில், ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு’ என்று இருக்கிறது. பல வருஷமாக ஒன்பதில் நிறுத்தியே பழகியிருந்தேன். அந்தப் பத்திரம் வருவதற்கு, மகனிடம் நான் நடந்த நடையில் எட்டு மாதம் ஆயிற்று.

இதற்கு நேர் எதிரானது இன்னொரு ஊரில். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஈரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். யாரோ வந்து ஜெபித்துவிட்டு, உன் வாழ்க்கையில் கீழ்ப்படியாமை இருப்பதால்தான் சுகம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மனிதர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பது வருஷத்துக் குற்றங்களை எழுதிக்கொண்டிருந்தார். கொடுக்கத் தவறிய தசமபாகம்வரை தொகை போட்டு வைத்திருந்தார். அவருக்கு நான் யாக்கோபை வாசித்திருந்தால் அது கொலை. ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ என்ற யோவான் 6:37-ஐ மட்டும் வாசித்தேன், மறுநாளும் அதையே. மூன்றாம் நாள் நோட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். ஆக, வசனம் சரியா தவறா என்பது ஒரு கேள்வி. அதை யாரிடம் சொல்கிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பவுலை நொந்தவனுக்கும் யாக்கோபைக் கொழுத்தவனுக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே விஷம். இது என் சபைப் போதனை அல்ல, என் அனுபவம்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லைப் பற்றி எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அது இந்த மண் கொடுத்தது. 1707-இல் தரங்கம்பாடியில் முதல் லுத்தரன் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கு கையால் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். எங்கள் சபைகளில் பாதிப்பேரின் தாத்தாக்கள் பண்ணையாட்கள். அவர்களுக்குக் கீழ்ப்படிதல் என்றால் மிராசுதார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது. செய்யாவிட்டால் அடி, செய்தால் அரை வயிற்றுக் கூழ். அந்த மணத்தோடு இந்தச் சொல்லைத் தேவன்மேல் ஏற்றினால், பரலோகத்திலும் ஒரு பண்ணை என்றாகிவிடுகிறது. கலாத்தியர் 4:7 ‘இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்’ என்கிறது. வீட்டு மகனும் வயலுக்குப் போகிறான், பண்ணையாளும் போகிறான். செய்கிற வேலை ஒன்றுதான். மகன் தன் பங்கைச் சம்பாதிப்பதற்காகப் போகவில்லை. வீடு அவனுடையது என்பதால் போகிறான். இரட்சிப்பில் கீழ்ப்படிதலின் இடம் எது என்று ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் இருக்கின்றன. கடைசி நியாயத்தீர்ப்பில் கிரியைகளுக்கு என்ன இடம்? மத்தேயு 25-இல் ராஜா கேட்பதெல்லாம் சோறு, தண்ணீர், வஸ்திரம், சிறைச்சாலை. என்னை விசுவாசித்தாயா என்று கேட்கவே இல்லை. எபிரெயர் 5:9 ‘தமக்குக் கீழ்ப்படிகிற யாவரும்’ நித்திய இரட்சிப்பை அடைவதாகச் சொல்கிறது. கிரியை அங்கே சாட்சியாக வருகிறது, காரணமாக அல்ல என்று எங்கள் பக்கம் விளக்குவோம். நான் அதை நம்புகிறேன், ஆனால் அந்த அதிகாரத்தின் கூர்மையை இந்த விளக்கம் கொஞ்சம் மழுக்கிவிடுகிறதோ என்ற சந்தேகம் என்னை விட்டதில்லை. ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அதை இழக்க முடியுமா என்பதில் கால்வின் வழியினர் முடியாது என்பார்கள், வெஸ்லி வழியினரும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையாரும் முடியும் என்பார்கள், நாங்கள் விசுவாசத்தை உதறினால் முடியும் என்போம். மூன்று பக்கமும் வசனம் இருக்கிறது. இதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

இப்போது முழுக்கு. உங்கள் அப்பா ஞானஸ்நானம் பெறாதவர் அல்ல. எந்த முறையில், எந்த வயதில் பெற்றார் என்பதுதான் வழக்கு. சுயமாக விசுவாசித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பதற்கு மாமனாரின் சபையார் காட்டும் வசனங்களில் வலு இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். வீட்டார் அனைவரும் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்லும் இடங்களில் குழந்தைகளும் இருந்திருப்பார்கள் என்பது எங்கள் ஊகம்தான், எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் முழுக்கு எடுக்காதவன் இரட்சிக்கப்படவில்லை என்பது வேறு பேச்சு. விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்று தொடங்கும் மாற்கு 16:16-இன் பின்பாதியில் ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுகிறவன் ‘விசுவாசியாதவன்’. ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே இல்லை. (அந்தக் கடைசிப் பகுதி மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில் இல்லை என்பதால் எந்தக் கட்சியும் அதன்மேல் அதிகம் சுமை ஏற்றாமல் இருப்பது நல்லது.) முறையைப் பொறுத்தவரை, அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ‘டிடாக்கே’ என்ற சிறு போதனை நூலில் ஒரு விதி இருக்கிறது: ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள்; இல்லாவிட்டால் வேறு தண்ணீரில்; போதுமான தண்ணீரே இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். பங்குனி மாதத்தில் மணல் மட்டும் ஓடுகிற காவிரிக்கரையில் இருந்துகொண்டு இதை வாசித்தபோது, எழுதியவருக்கு நம் ஊர் தெரிந்திருக்குமோ என்று நினைத்தேன். ஞானஸ்நானம் பெறாமலே பரதீசு வாக்களிக்கப்பட்ட, சிலுவையில் தொங்கிய கள்ளனை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. அது சபை பிறந்த பெந்தெகொஸ்தே நாளுக்கு முந்தியது என்று உங்கள் மாமனார் சொன்னால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது கொஞ்சம்தான். கடைசி மூன்று மாதமும் பேச்சு குழறியபோதும் பரமண்டல ஜெபத்தை மட்டும் தப்பில்லாமல் சொன்னார். தலைமடையில் இருந்தும் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போன பிறகே தன் மடையைத் திறப்பார் என்று ஊரில் பேர். இதை வைத்து அவர் இரட்சிக்கப்பட்டார் என்று நான் சான்றிதழ் எழுதித் தர முடியாது; அந்த நாற்காலி என்னுடையது அல்ல, உங்கள் மாமனாருடையதும் அல்ல. ஆனால், தெரிந்தே ஒரு கட்டளையை உதறுவதும், தன் மனசாட்சிக்கும் தன் சபை கற்றுக்கொடுத்ததற்கும் உண்மையாயிருந்து ஒன்றைச் செய்யாமல் விடுவதும் ஒன்றல்ல. கீழ்ப்படியாமை என்ற சொல் முதலாவதற்குத்தான் பொருந்தும். தனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று எழுபது வருஷம் நம்பி, அந்த ஞானஸ்நானத்தின்படியே நடக்கப் பார்த்த ஒருவரைக் கீழ்ப்படியாதவர் என்பதற்கு நான் வாசித்த வேதத்தில் இடம் இல்லை. இதை என் சாய்வு பேசவில்லை என்றே நம்புகிறேன்.

நீங்கள் எடுக்க வேண்டுமா என்றால்: அப்பா விட்டுவிட்ட பாக்கியை மகன் கட்டுவதுபோல எடுக்க வேண்டாம். அப்படி ஒரு பாக்கி இல்லை, இருந்தாலும் அது அப்படித் தீராது. வீட்டில் சமாதானத்துக்காகவும் வேண்டாம். அந்தச் சமாதானம் அடுத்த வழக்குவரைதான் தாங்கும். எபேசியர் 4:5 ‘ஒரே ஞானஸ்நானம்’ என்பதால் எங்கள் சபை இரண்டாம் முறையை ஏற்பதில்லை. எடுத்தால் திருவிருந்து, கமிட்டி என்று சில தொல்லைகள் வரும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதையெல்லாம் தாண்டி, வேதத்தை வாசித்து உங்கள் மனசாட்சியே அதைக் கேட்கிறதென்றால், உங்கள் குருவானவரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்; ஒளித்துச் செய்யாதீர்கள். மாமனாரோடு இதைப் பற்றி வாதம் வேண்டாம். அடுத்த முறை அவர் வரும்போது ரோமர் 14-ஆம் அதிகாரத்தை இருவரும் மாறிமாறி உரக்க வாசியுங்கள். இருபத்துமூன்று வசனம்தான். முடியும்வரை ஒருவரும் நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அடுத்தவனுடைய வேலைக்காரனைத் தீர்க்க நீ யார் என்று கேட்கும் நான்காம் வசனத்தில் அவருக்கும் கை துறுதுறுக்கும், உங்களுக்கும் துறுதுறுக்கும்.